வசனம் ஒப்பிக்கிற பிள்ளைக்குச் சோதனையை எதிர்க்கக் கற்றுக்கொடுப்பது எப்படி?

9 வயது மகனும் 13 வயது மகளும் உள்ள ஒரு தாய் கேட்டிருக்கிறார்: “மகன் ஞாயிறு பள்ளியில் மனப்பாட வசனப் போட்டி வைத்தால் முதல் பரிசோடு வருகிறான். சோதனையைப் பற்றி மட்டுமே பல வசனங்கள் சொல்வான். ஆனால் நாங்கள் தூங்கியதும் போனை எடுத்து விளையாடுகிறான். கேட்டால் கூசாமல் பொய் சொல்கிறான். மகளும் வளர்ந்து வருகிறாள். சோதனையை எதிர்த்து நிற்க வேதத்திலிருந்து இவர்களுக்கு எப்படிக் கற்றுக்கொடுப்பது?”

சகோதரி, உங்கள் மகனைப் போன்ற பிள்ளைகளோடுதான் நான் பல வருடங்களாக ஞாயிற்றுக்கிழமைகளைக் கழித்து வருகிறேன். வசனம் நன்றாக ஒப்பிக்கிற பிள்ளை பொய் சொல்கிறானே என்று கலங்க வேண்டாம். அந்த வசனங்கள் வீண் என்று முடிவு கட்டவும் வேண்டாம். அவனுக்கு வசனம் தெரிகிறது. ஆனால் இரவில் போனை நோக்கிக் கை போகிற நேரத்தில் அந்த வசனத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று யாரும் அவனுக்குக் காட்டித் தரவில்லை. அதைவிட முக்கியமாக, தவறிவிட்டால் யாரிடம் ஓடி வருவது என்றும் அவனுக்குத் தெரியவில்லை. நான் சொல்லப்போவது பெரும்பாலும் இந்த இரண்டையும் பற்றித்தான்.

முதலில் ஒரு வேண்டுகோள்: கடவுளைக் காட்டிப் பயமுறுத்துவதை நிறுத்திவிடுங்கள். நம் வீடுகள் பலவற்றில் “நீர் என்னைக் காண்கிற தேவன்” என்ற வசனம் சுவரில் தொங்குகிறது. பிள்ளை குறும்பு செய்தால் அதைக் காட்டி, “கர்த்தர் பார்த்துக்கொண்டிருக்கிறார்” என்கிறோம். ஆதியாகமம் 16-ஆம் அதிகாரத்தில் அதைச் சொன்னவள் ஆகார். நாச்சியாரின் கொடுமை தாங்காமல் கர்ப்பிணியாக வனாந்தரத்துக்கு ஓடிவந்த அடிமைப்பெண் அவள். ஒருவரும் தன்னை ஏறெடுத்துப் பார்க்காத இடத்தில் கடவுள் பார்த்தார் என்ற ஆறுதலில் அவள் இட்ட பெயர் அது. அவளுடைய ஆறுதலை நாம் கண்காணிப்புக் கேமராவாக மாட்டி வைத்திருக்கிறோம். கேமராவுக்குக் கீழே வளர்கிற பிள்ளை, அது எட்டாத மூலையைத் தேடத்தான் கற்றுக்கொள்கிறது.

ஆதியாகமம் 3-ஆம் அதிகாரத்தை எல்லாரும் சொல்லிக்கொடுக்கிறோம். ஆனால் பாம்பின் தந்திரம் எங்கே இருக்கிறது என்பதை அவசரத்தில் விட்டுவிடுகிறோம். 2:16-இல் கர்த்தர் சொன்னது, “நீ தோட்டத்திலுள்ள சகல விருட்சத்தின் கனியையும் புசிக்கவே புசிக்கலாம்” என்பது. அதற்குப் பிறகுதான் ஒரே ஒரு மரத்தைப் பற்றிய விலக்கு வருகிறது. பாம்பு அதை எப்படித் திருப்பிக் கேட்கிறது என்று பாருங்கள்: தோட்டத்திலுள்ள சகல விருட்சங்களின் கனியையும் புசிக்க வேண்டாம் என்று தேவன் சொன்னது உண்டோ? ஒன்றே ஒன்றை மறுத்ததை, எல்லாவற்றையும் மறுத்ததுபோல் காட்டிவிடுகிறது. வகுப்பில் இந்த இரண்டு வாக்கியங்களையும் பலகையில் ஒன்றின்கீழ் ஒன்றாக எழுதிப்போட்டு, என்ன மாறியிருக்கிறது என்று கண்டுபிடிக்கச் சொல்வேன். பிள்ளைகள் உடனே பிடித்துவிடுவார்கள். “அம்மா எதற்குமே விடமாட்டார்” என்று தங்கள் மனதுக்குள் ஓடுகிற குரலும் அதே வேலையைத்தான் செய்கிறது என்பதை அவர்களே சொல்லிவிடுவார்கள். கூடவே பெற்றோருக்கும் இதில் ஒரு கேள்வி இருக்கிறது. நம் வீட்டில் உண்மையிலேயே “புசிக்கவே புசிக்கலாம்” என்ற பகுதி பெரிதாக இருக்கிறதா, அல்லது விலக்குகள் மட்டும்தான் இருக்கின்றனவா?

7 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு இந்தக் கதையில் பாம்பைப் பெரிதாக்காதீர்கள். மரங்களுக்குள் ஒளிந்தவர்களைத் தேடிக் கடவுள் தோட்டத்துக்குள் வருகிறார், “நீ எங்கே இருக்கிறாய்” என்று கேட்கிறார், அதிகாரம் முடிவதற்குள் அவர்களுக்குத் தோல் உடைகளைச் செய்து உடுத்துகிறார். அந்த வயதுக்கு இந்த மூன்றும் போதும். இரவு படுக்கும் நேரத்தில் பிசாசைப் பற்றிப் பேசிப் பிள்ளையின் தூக்கத்தைக் கெடுப்பதில் எந்தப் பயனும் இல்லை.

உங்கள் மகனுக்கு நான் தேர்ந்தெடுக்கும் கதை ஆகானுடையது. யோசுவா 7. எரிகோ விழுந்தபோது அதன் பொருள்களில் ஒருவரும் கை வைக்கக்கூடாது என்பது கட்டளை. ஆகான் எடுத்துவிட்டான். பிடிபட்ட பிறகு அவன் சொல்கிற 21-ஆம் வசனம், வேதத்தில் சோதனையின் நடை எப்படிப்பட்டது என்பதற்குக் கிடைத்திருக்கிற மிகத் தெளிவான வாக்குமூலம்: ஒரு பாபிலோனிய சால்வை, 200 வெள்ளிச் சேக்கல், 50 சேக்கல் நிறையுள்ள பொன்பாளம், கண்டேன், இச்சித்தேன், எடுத்துக்கொண்டேன், கூடாரத்தின் நடுவில் புதைத்தேன். ஏவாள் கதையிலும் இதே வரிசைதான் வருகிறது. பார்வைக்கு இன்பம் என்று கண்டாள், இச்சித்தாள், பறித்தாள், பிறகு ஒளிவு. யாக்கோபு தம் நிருபத்தில் (1:14) எழுதுவதும் இதுதான்: அவனவன் தன் சொந்த இச்சையினால் இழுக்கப்பட்டு, சிக்குண்டு, சோதிக்கப்படுகிறான்.

இந்த நான்கு சொற்களையும் நான்கு தாள்களில் எழுதித் தரையில் வரிசையாக வைப்பேன். ஒரு பிள்ளை ஆகானாக ஒவ்வொரு தாளின்மேலும் ஏறி நிற்க வேண்டும். “இங்கேயிருந்து திரும்பிப்போக முடியுமா?” என்று மற்றவர்களைக் கேட்பேன். “கண்டேன்” என்ற தாளில் நிற்கும்போது எல்லாரும் “முடியும்” என்பார்கள். “இச்சித்தேன்” என்பதிலும் “முடியும், ஆனால் கஷ்டம்” என்பார்கள். ஒருமுறை “புதைத்தேன்” தாளில் நின்றிருந்த சிறுவன் தானாகவே கேட்டான்: “மண்ணுக்குள் இருக்கிற சால்வையை அவன் எப்போது போர்த்திக்கொள்வான்?” வகுப்பே அமைதியாகிவிட்டது. நான் தயாரித்து வைத்திருந்த விளக்கத்தையெல்லாம் விட அந்தக் கேள்வி நன்றாக இருந்தது. திருடியதை அவன் ஒருநாளும் அனுபவிக்கவில்லை. அதன்மேல் காவல் உட்கார்ந்திருந்தான். இரவில் ஒளித்து விளையாடுகிற பிள்ளைக்கும் அந்த விளையாட்டில் பாதி நேரம் காலடிச் சத்தத்தைக் கவனிப்பதிலேயே போய்விடுகிறது. உங்கள் மகனிடம் கேட்டுப் பாருங்கள், ஒப்புக்கொள்வான்.

இன்னொன்று. அடுத்த அதிகாரத்தில், 8:2-இல், ஆயி பட்டணத்தின் கொள்ளையை மக்கள் எடுத்துக்கொள்ளலாம் என்று கர்த்தரே அனுமதி கொடுக்கிறார். ஆகான் கொஞ்சம் பொறுத்திருந்தால் அவனுக்கும் பங்கு கிடைத்திருக்கும். இதைப் பிள்ளைகளே புரட்டிக் கண்டுபிடிக்கும்படி விடுங்கள். கதையின் முடிவில் வருகிற தண்டனையை மட்டும் இந்த வயதில் விவரிக்கத் தேவையில்லை. குடும்பமும் அதில் அகப்படுவதால், பிள்ளையின் மனம் அந்த ஒரு காட்சியிலேயே சிக்கிக்கொள்ளும்.

இனி மத்தேயு 4, வனாந்தரத்தில் பிசாசு இயேசுவைச் சோதித்த பகுதி. இதைத்தான் பாடப்புத்தகங்கள் எல்லாம் “இயேசு மூன்று வசனம் சொன்னார், பிசாசு ஓடிவிட்டான்” என்று சுருக்கிவிடுகின்றன. உங்கள் மகனும் அப்படித்தான் புரிந்துகொண்டிருப்பான்: வசனத்தைச் சொன்னால் ஆசை மறைந்துவிடும். அவன் சொல்லிப் பார்த்திருப்பான், ஆசை மறைந்திருக்காது. அன்றிலிருந்து வசனம் போட்டிக்கு, போன் இரவுக்கு என்று பிரித்துக்கொண்டிருப்பான். லூக்கா 4:13 இதற்கு நல்ல மருந்து. சோதனையெல்லாம் முடித்தபின் பிசாசு “சிலகாலம்” அவரை விட்டு விலகிப்போனான் என்றுதான் எழுதியிருக்கிறது. இயேசுவுக்கே அது ஒரே நாளில் தீர்ந்துபோகவில்லை. மறுநாளும் ஆசை வந்தால் தன் ஜெபம் கேட்கப்படவில்லை என்று பிள்ளை நினைக்கக்கூடாது.

அந்தப் பகுதியில் நான் நின்று நிதானிப்பது மூன்று இடங்களில். ஒன்று, 3-ஆம் அதிகாரத்தின் கடைசி வசனம். “இவர் என்னுடைய நேசகுமாரன், இவரில் பிரியமாயிருக்கிறேன்” என்று வானத்திலிருந்து சத்தம் உண்டாகிறது. அப்போது இயேசு ஒரு அற்புதமும் செய்திருக்கவில்லை, ஒரு பிரசங்கமும் பண்ணியிருக்கவில்லை. ஜெயித்த பிறகு கிடைத்த பாராட்டு அல்ல அது. முன்பே கிடைத்துவிட்ட அன்பு. சோதனைக்காரன் கை வைப்பதும் அங்கேயேதான்: “நீர் தேவனுடைய குமாரனேயானால்...” பள்ளியில் கேட்கிற “நீ எங்கள் நண்பன் என்றால் இதைச் செய்” என்பதன் மூலக்குரல் இது. தான் நேசிக்கப்படுகிறோம் என்பதில் சந்தேகமில்லாத பிள்ளைக்கு, அதை நிரூபித்துக்காட்ட வேண்டிய அவசரம் குறைவு.

இரண்டாவது, அப்பம் கெட்ட பொருள் அல்ல. 40 நாள் பட்டினி கிடந்தவருக்குப் பசி பாவமும் அல்ல. பின்னாளில் ஐயாயிரம் பேருக்கு அப்பம் கொடுத்தவரும் அவரே. போனும் விளையாட்டும் அப்படித்தான். “போன் பிசாசு” என்று சொன்னால் பிள்ளை நம்மை நம்பமாட்டான். பாடம் படிப்பதும் அதே போனில்தானே, ஆராதனையை நேரலையில் பார்ப்பதும் அதில்தானே. எந்த நேரத்தில், யாருக்கு மறைத்து என்பதில்தான் தவறு இருக்கிறது. அதை மட்டும் சொல்லுங்கள்.

மூன்றாவதுதான் எனக்கு மிகவும் பிடித்த இடம். இயேசு சொன்ன மூன்று பதில்களும் உபாகமத்திலிருந்து வந்தவை: 8:3, 6:16, 6:13. அந்த 6-ஆம் அதிகாரத்தைத் திறந்தால் 7-ஆம் வசனத்தில் என்ன இருக்கிறது? “நீ அவைகளை உன் பிள்ளைகளுக்குக் கருத்தாய்ப் போதித்து, நீ உன் வீட்டில் உட்கார்ந்திருக்கிறபோதும், வழியில் நடக்கிறபோதும், படுத்துக்கொள்ளுகிறபோதும், எழுந்திருக்கிறபோதும் அவைகளைக்குறித்துப் பேசி...” வனாந்தரத்தில் அவர் வாயில் வந்தது, இஸ்ரவேல் வீடுகளில் தாய் தகப்பன் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டிய அதே பகுதி. பிசாசும் வசனம் சொல்லத்தான் செய்கிறான். 91-ஆம் சங்கீதத்தைச் சுத்தமாக ஒப்பித்து, இடையில் “உன் வழிகளிலெல்லாம்” என்பதை மட்டும் விட்டுவிடுகிறான். ஒப்பிப்பதில் அவனும் பரிசு வாங்கக்கூடியவனே. வீட்டில் உட்கார்ந்து, வழியில் நடந்து பேசிப் பழகிய வசனம்தான் தேவைப்படும் நேரத்தில் வாய்க்கு வருகிறது.

ஆகவே உங்கள் வீட்டில் இந்த மாதம் ஒரே வசனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நான் சொல்வது 1 கொரிந்தியர் 10:13: “தேவன் உண்மையுள்ளவராயிருக்கிறார், உங்கள் திராணிக்கு மேலாக நீங்கள் சோதிக்கப்படுகிறதற்கு அவர் இடங்கொடாமல், சோதனையைத் தாங்கத்தக்கதாக, சோதனையோடுகூட அதற்குத் தப்பிக்கொள்ளும்படியான போக்கையும் உண்டாக்குவார்.” அந்தப் போக்கு எது என்று மகனையே கேளுங்கள். “ஜெபம் பண்ணுவேன்” என்பான். அது அவனுக்குத் தெரிந்த பரீட்சை விடை. ஜெபித்த பிறகு கையும் காலும் என்ன செய்யும் என்று கேளுங்கள். போனை இரவில் எங்கே வைப்பது, தூக்கம் வராவிட்டால் என்ன செய்வது, ஆசை தாங்கவில்லை என்றால் அம்மாவை எழுப்பலாமா என்பதையெல்லாம் பகலில், பேச்சு இனிமையாக இருக்கும் நேரத்தில், அவன் வாயாலேயே முடிவு செய்ய வைக்க வேண்டும். தானியேல் ராஜாவின் சாப்பாட்டை மறுத்தது தட்டு முன்னால் வந்த பிறகு யோசித்து அல்ல. “தன் இருதயத்தில் தீர்மானம்பண்ணிக்கொண்டு” என்று 1:8-இல் இருக்கிறது. மறுத்ததோடு நிற்காமல், பத்து நாள் பருப்பும் தண்ணீரும் கொடுத்துப் பாருங்கள் என்று மாற்று வழியையும் அவனே மரியாதையாகச் சொன்னான்.

பார்த்துக்கொண்டே எதிர்த்து நிற்பது பெரியவர்களுக்கே முடியாது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் 1960களின் பிற்பகுதியில் வால்டர் மிஷல் என்ற உளவியலாளர் தொடங்கிய ஆய்வுகளில், சிறுபிள்ளைகளுக்கு முன் ஒரு தின்பண்டத்தை வைத்து, சற்று நேரம் தொடாமல் இருந்தால் இரண்டு தருவதாகச் சொன்னார்கள். கண்ணை மூடிக்கொண்ட, திரும்பி உட்கார்ந்த, பாட்டுப் பாடிக்கொண்ட பிள்ளைகள் அதிக நேரம் தாக்குப்பிடித்தார்கள். அந்த ஆய்வை வைத்துப் பிள்ளைகளின் எதிர்காலத்தையே கணிக்கலாம் என்று பின்னால் பேசப்பட்டதெல்லாம் மிகை. ஆனால் கண்ணைத் திருப்புவது உதவுகிறது என்பது உண்மை. அதைவிட நம்மைத் தொடுவது 2013-இல் ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்தில் வெளியான ஆய்வு. முதலில் நல்ல வண்ணப் பொருள்கள் தருவதாகச் சொல்லி ஒரு குழுவை ஏமாற்றினார்கள். இன்னொரு குழுவுக்குச் சொன்னபடி கொடுத்தார்கள். பிறகு தின்பண்டத்தை வைத்தபோது ஏமாந்த பிள்ளைகள் சராசரியாகச் சுமார் 3 நிமிடம் காத்திருந்தார்கள். வாக்கு காப்பாற்றப்பட்ட பிள்ளைகள் சுமார் 12 நிமிடம். தப்பிக்கொள்ளும் போக்கைப் பற்றிச் சொல்வதற்கு முன் அந்த வசனம் “தேவன் உண்மையுள்ளவர்” என்று சொல்வது தற்செயல் அல்ல என்று நான் நினைக்கிறேன். சனிக்கிழமை ஒரு மணி நேரம் விளையாடலாம் என்று சொல்லியிருந்தால், சனிக்கிழமை விருந்தாளி வந்தாலும் அந்த ஒரு மணி நேரத்தைக் கொடுத்துவிடுங்கள்.

நண்பர்களால் வரும் சோதனைக்கு நீதிமொழிகள் 1:10 போதும்: “பாவிகள் உனக்கு நயங்காட்டினாலும் நீ சம்மதியாதே.” இதை நடித்துப் பழக வேண்டும். நயங்காட்டுகிறவனாகப் பிள்ளையையே நடிக்கச் சொல்லுங்கள். “ஒரு தடவைதானே”, “எல்லாரும் செய்கிறார்கள்”, “யார் பார்க்கப்போகிறார்கள்” என்று அவர்கள் அடுக்குவதைக் கேட்டால், எவ்வளவு கேட்டுக் கேட்டு வைத்திருக்கிறார்கள் என்று நமக்குத் தெரியும். பதிலும் குட்டையாக இருக்க வேண்டும். “எனக்கு வேண்டாம்” என்று சொல்லிவிட்டு இடத்தைவிட்டு நகர்ந்துவிட வேண்டும். வாதம் செய்ய நின்றால் தோற்றுவிடுவார்கள். பழங்காலத் திருச்சபையின் இறையியலாளர் அகஸ்டின், 16 வயதில் நண்பர்களோடு பேரிக்காய் திருடியதைப் பற்றி எழுதும்போது, தனியாக இருந்திருந்தால் அதைச் செய்திருக்கமாட்டேன் என்கிறார். பசிக்காகவும் திருடவில்லை, பெரும்பகுதியைப் பன்றிகளுக்கு எறிந்தார்கள். மகளுக்கு இதைச் சொல்லலாம், அந்த வயதுக்குப் புரியும்.

இனி, விழுந்த பிறகு என்ன என்பது. இதைச் சொல்லிக்கொடுக்காமல் மற்றதையெல்லாம் சொல்லிக்கொடுத்தால், திறமையாக மறைக்கிற பிள்ளைகளைத்தான் உருவாக்குவோம். இயேசுவை அறியேன் என்று மறுதலித்த சீஷன் பேதுருவின் கதையை முழுவதும் சொல்லுங்கள். சேவல் கூவியதோடு நிறுத்திவிடாதீர்கள். லூக்கா 22:32-இல், பேதுரு மறுதலிப்பதற்கு முன்பே இயேசு, “உன் விசுவாசம் ஒழிந்துபோகாதபடிக்கு உனக்காக வேண்டிக்கொண்டேன்” என்கிறார். குணப்பட்ட பின்பு செய்ய வேண்டிய வேலையையும் அப்போதே கொடுத்துவிடுகிறார். யோவான் 18-இல் பேதுரு குளிர்காய்ந்தபடி மறுதலித்தது ஒரு கரிநெருப்பின் அருகில். 21-ஆம் அதிகாரத்தில், கடற்கரையில் மீனும் அப்பமும் வைத்து இயேசு காத்திருந்ததும் ஒரு கரிநெருப்பின் அருகில்தான். முதலில் சாப்பிட வைத்தார். பிறகுதான் கேள்வி. அதுவும் “ஏன் அப்படிச் செய்தாய்” என்ற கேள்வி அல்ல, “நீ என்னில் அன்பாயிருக்கிறாயா” என்ற கேள்வி, மூன்று முறை.

இதை உங்கள் வீட்டில் எப்படிச் செய்வது என்றால், பொய்க்கு ஒரு விளைவு, உண்மைக்கு வேறு விளைவு என்று இருக்க வேண்டும். காலையில் அவனே வந்து “நேற்று எடுத்துவிட்டேன்” என்று சொன்னால் அடி, கத்தல், தாத்தா வீட்டுக்குப் போன் போட்டுச் சொல்வது எதுவும் கூடாது. போன் அன்றைக்கு இல்லை என்பது நியாயமான விளைவு, அது இருக்கட்டும். அவனோடு உட்கார்ந்து ஜெபித்துவிட்டு, அந்த விஷயத்தை அன்றோடு முடித்துவிடுங்கள். சபையில் சாட்சி சொல்வதற்கு அவனுடைய தவறைப் பயன்படுத்த வேண்டாம் என்றும் தயவாகக் கேட்டுக்கொள்கிறேன். எபிரெயர் 4:15, இயேசு எல்லாவிதத்திலும் நம்மைப்போல் சோதிக்கப்பட்டவர் என்கிறது. அடுத்த வசனம் நம்மைத் தைரியமாய்க் கிருபாசனத்தண்டைக்கு வரச் சொல்கிறது. தைரியமாய் வருவது என்றால் என்ன என்பதைப் பிள்ளை முதலில் உங்கள் முகத்தில்தான் பார்க்கப்போகிறான்.

மகளைப் பற்றி. 13 வயதில் யோசேப்பின் கதையை, ஆதியாகமம் 39-ஐ, அவளோடு நீங்களே உட்கார்ந்து படியுங்கள். ஞாயிறு பள்ளியில் அதைப் பட்டும் படாமலும் சொல்லிக் கடந்துவிடுவார்கள். யோசேப்பு அடிமையாக இருந்த வீட்டின் எஜமான் போத்திபார். அவன் மனைவி யோசேப்பைத் தவறான உறவுக்கு அழைத்து ஒருமுறை அல்ல, “நித்தம் நித்தம்” பேசினாள் என்று 10-ஆம் வசனம் சொல்கிறது. யோசேப்பு தினமும் மறுத்தான். கடைசியில் வஸ்திரத்தை விட்டுவிட்டு ஓடினான். ஓடுவது கோழைத்தனம் அல்ல என்று அவள் அறிந்திருக்கட்டும். சரியானதைச் செய்ததற்காக அவனுக்குக் கிடைத்தது சிறை என்பதையும் மறைக்காதீர்கள். ஜெயித்தால் உடனே ஆசீர்வாதம் என்று சொல்லி வைத்தால், முதல் அநியாயத்திலேயே அவள் விசுவாசம் ஆடிப்போகும்.

அதே அதிகாரத்தில் இன்னொரு காரியத்தையும் பிரித்துச் சொல்லிவிடுங்கள், மகனுக்கும் சேர்த்து. யோசேப்பைப் பிடித்து இழுத்தவள் அந்த வீட்டின் எஜமானி. அதிகாரம் முழுவதும் அவளிடம் இருந்தது. பழியையும் அவனே சுமந்தான். ஒரு பெரியவர், அவர் உறவினராகவோ ஆசிரியராகவோ ஊழியராகவோ இருந்தாலும், பிள்ளையின் உடலைத் தவறாகத் தொட்டால் அது பிள்ளை விழுந்த சோதனை அல்ல. அந்தப் பெரியவர் செய்த குற்றம். அதற்குப் பிள்ளை மன்னிப்புக் கேட்கத் தேவையில்லை. அதைப் பாவ அறிக்கையாகச் சொல்ல வைக்கவும் கூடாது. “யாராவது அப்படிச் செய்து, வெளியே சொல்லக்கூடாது என்றால் உடனே எங்களிடம் வந்து சொல். நாங்கள் உன்னை நம்புவோம்” என்று இப்போதே இருவரிடமும் சொல்லி வையுங்கள். இந்தியா முழுவதும் குழந்தைகளுக்கான இலவச உதவி எண் 1098 இருக்கிறது. அதையும் வசனத்தைப் போலவே மனப்பாடம் செய்ய வையுங்கள்.